பிரெஞ்சுக் கிராமப்புறத்தில் முதல் நடைப்பயணம்: லொத் பள்ளத்தாக்கிலிருந்து தொடங்குங்கள்

பிரான்ஸின் பழமை என்றதும் வெர்சாய் அரண்மனையும் லூவரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பாரிஸில் பல வருடங்களாக இருக்கும் நம்மவர்களில் எத்தனையோ பேர் லூர்து மாதா கோயிலைத் தவிரத் தெற்கே வேறு எங்கும் போனதில்லை. கிராமப்புறத்தில் வரலாற்றைப் பார்க்க எல்லா இடத்திலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நடந்துபோகும் ஒற்றையடிப் பாதையே பல இடங்களில் நினைவுச் சின்னம்தான். கார் இல்லாமல், மலையேறிப் பழக்கம் இல்லாமல், முதல் முறையாகப் போகிறவர்கள் எப்படித் தொடங்கலாம் என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரே ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று நாளில் ஐந்து ஊர் என்று திட்டம் போட்டால் சாலையைத்தான் பார்ப்பீர்கள். ஒரே பள்ளத்தாக்கில் தங்கி, அங்கிருந்தே நடங்கள். முதல் முறைக்கு நான் பரிந்துரைப்பது தென்மேற்கில் இருக்கும் லொத் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதிலும் காவோர் நகரத்துக்கும் ஃபிஜாக் நகரத்துக்கும் இடைப்பட்ட பகுதி. பனியுகக் குகை ஓவியம், பெரிய பலகைக் கற்களால் ஆன பழங்காலக் கல்லறையான கல்திட்டை, இடைக்காலப் பாலம், 19ஆம் நூற்றாண்டில் படகு இழுத்த பாதை எல்லாம் இங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உயரமான மலைகள் கிடையாது. பெரும்பகுதி கெர்சி கோஸ் வட்டார இயற்கைப் பூங்காவுக்குள் வருவதால் பாதைகளுக்குக் குறை இல்லை.

படி 2: எப்போது, எப்படிப் போவது

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் சுண்ணாம்புப் பாறை வெயிலை வாங்கித் திருப்பி வீசும். கூட்டமும் அப்போதுதான். செப்டம்பர் மூன்றாவது சனி ஞாயிறு ஐரோப்பிய மரபுடைமை நாட்கள். வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் மாளிகைகளும் ஆலைகளும் அந்த இரண்டு நாள் திறந்திருக்கும், பல இடங்களில் இலவசமாக.

பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து காவோருக்கு நேரடி ரயில் உண்டு, ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். போய்ச் சேரும் நாளில் காவோரிலேயே தங்கி, மாலையில் வலாந்த்ரே பாலத்தைப் பாருங்கள். 1308இல் கட்டத் தொடங்கி 70 வருடம் எடுத்த பாலம். ஆற்றின் நடுவே மூன்று கோபுரங்களோடு ஒரு கோட்டையைப் போல நிற்கும். நடுக் கோபுரத்தின் உச்சியில் கல்லைப் பிடுங்கப் பார்க்கும் ஒரு குட்டிச் சாத்தான் சிற்பம் இருக்கிறது. சாத்தானை ஏமாற்றிப் பாலத்தை முடித்தார்கள் என்ற பழங்கதையை நினைவில் வைத்து, 1879இல் பழுதுபார்த்த கட்டடக் கலைஞர் போல் கூ அதை வைத்தார். தேடிக் கண்டுபிடியுங்கள்.

காவோரிலிருந்து ஃபிஜாக் பக்கம் போகும் 'லியோ' என்ற வட்டாரப் பஸ் ஆற்றோரமாகவே செல்கிறது. சேன் சிர் லாபோப்பி கிராமத்துக்குக் கீழே இருக்கும் தூர் த ஃபோர் நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். நாளுக்குச் சில பஸ்கள்தான், ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. அட்டவணையைப் போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

படி 3: பெயிண்ட் அடையாளங்களைப் படிக்கப் பழகுங்கள்

இதை மட்டும் வீட்டிலேயே கற்றுக்கொண்டு கிளம்புங்கள். பிரான்ஸில் நடைபாதைகளை மரத்திலும் பாறையிலும் மின்கம்பத்திலும் பெயிண்ட் கோடுகளால் குறித்திருப்பார்கள். இந்தப் பணியைச் செய்வது நடைப்பயணக் கூட்டமைப்பின் தொண்டர்கள்.

வெள்ளைக் கோடும் அதன் கீழே சிவப்புக் கோடும் இருந்தால் அது ஜிஆர் எனப்படும் நெடும்பாதை. மஞ்சளும் சிவப்பும் என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பாதை. மஞ்சள் மட்டும் என்றால் சில மணி நேரத்திலோ ஒரு பகலிலோ முடியும் உள்ளூர்ப் பாதை. கோடுகளுக்குக் கீழே வளைந்த அம்பு இருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு கோடுகளும் பெருக்கல் குறியாகக் குறுக்கே வெட்டினால் அது தப்பான வழி, போகாதீர்கள்.

தொடக்கக்காரர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. எல்லா ஜிஆர் பாதைகளுக்கும் ஒரே வெள்ளை சிவப்புதான். பூசியெஸ் கிராமத்தில் ஜிஆர் 36, 46, 651 மூன்றும் சந்திக்கின்றன. அங்கே பெயிண்டை மட்டும் நம்பிப் போனால் வேறு பள்ளத்தாக்கில் போய் நிற்பீர்கள். சந்திப்புகளில் பலகையில் எண்ணைப் பாருங்கள், வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடம் நடந்தும் எந்த அடையாளமும் கண்ணில் படவில்லையென்றால், கடைசியாகப் பார்த்த அடையாளத்துக்கே திரும்புங்கள்.

வரைபடத்துக்கு, பிரான்ஸின் தேசிய வரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 1:25,000 அளவுத் தாளை வாங்குங்கள். அதில் 1 செ.மீ. என்றால் தரையில் 250 மீட்டர். கல்திட்டை, பாழடைந்த கோட்டை, சாலையோரச் சிலுவை, ஊற்று வரை எல்லாம் அதில் குறித்திருக்கும். அந்தத் தாளைக் கூர்ந்து பார்ப்பதே பாதி வரலாற்றுப் படிப்பு. அதே வரைபடத்தை இணையத்தில் இலவசமாகவும் பார்க்கலாம்.

படி 4: முதல் நடை, படகு இழுத்த பாதையில்

தூர் த ஃபோரிலிருந்து பாலத்தைக் கடந்து சேன் சிர் லாபோப்பிக்கு ஏறுங்கள். காலையில் சீக்கிரமே போய்விடுவது நல்லது. ஆற்றுக்கு மேலே செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கிராமத்தில் ஒரு காலத்தில் மரக் கடைசல்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒயின் பீப்பாய்களுக்கு மரக்குழாய் கடைந்து பிழைத்தவர்கள். தெருவைப் பார்த்த பெரிய வளைவுகள் அவர்களுடைய பட்டறை வாசல்கள். கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1950களிலிருந்து கோடைக்காலங்களைக் கழித்த வீடும் இங்கேதான்.

கிராமத்திலிருந்து ஜிஆர் 36ஐப் பிடித்து ஆற்றங்கரைக்கு இறங்கி, பூசியெஸ் நோக்கி நடங்கள். நான்கைந்து கிலோமீட்டர்தான், இறக்கம் முடிந்ததும் சமதரை. கனீல் மதகைத் தாண்டியதும் பாதை பாறைக்குள் நுழைகிறது. தலைக்கு மேலேயும் பாறை, காலுக்குக் கீழேயும் பாறை, ஒரு பக்கம் ஆறு. செங்குத்துப் பாறை ஆற்றுக்குள்ளேயே இறங்குவதால் கரையில் நடக்க இடமில்லாமல் இருந்தது. சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி எதிர்நீரோட்டத்தில் இழுத்துச் செல்ல, 1840களில் பாறையைக் குடைந்து இந்த வழியை உண்டாக்கினார்கள். ரயில் வந்ததும் படகுப் போக்குவரத்து ஓய்ந்தது, பாதை மட்டும் மிஞ்சியது. இங்கே வேகமாகக் கடந்துவிடாதீர்கள். குடைந்த கூரையைப் பாருங்கள், எத்தனை கைகளின் உழைப்பு அது என்று தெரியும். சுவரில் மீன், சிப்பி, சுழல் வடிவங்களில் ஒரு புடைப்புச் சிற்பமும் இருக்கிறது. அது பழையதல்ல, தூலூஸ் சிற்பி தானியேல் மொனியே 1980களில் செதுக்கத் தொடங்கியது.

வெள்ளம் வந்தாலோ பாறை சரிந்தாலோ இந்தத் துண்டை மூடிவிடுவார்கள். அதனால் கிளம்பும் முன் கிராமத்துச் சுற்றுலா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். வந்த வழியே திரும்பலாம், அல்லது பூசியெஸில் இரவு தங்கலாம்.

படி 5: பெஷ் மெர்ல் குகை

பூசியெஸுக்கு வடக்கே, செலே ஆற்றின் பக்கம் கப்ரெரே கிராமத்துக்கு மேலே இருக்கிறது பெஷ் மெர்ல். 1922இல் ஊர்ப் பாதிரியார் லெமோசி கொடுத்த ஊக்கத்தில் இரண்டு பதின்வயதுப் பையன்கள் உள்ளே ஊர்ந்துபோய்க் கண்டுபிடித்தார்கள். புகழ்பெற்ற இன்னொரு ஓவியக் குகையான லாஸ்கோவில் 1963 முதல் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, அங்கே காட்டுவது நகல். இங்கே அசல் ஓவியத்துக்கு முன்னாலேயே நிற்கலாம். அதனால்தான் ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் விடுவதில்லை. முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். குளிர்காலத்தில் மூடியிருக்கும். உள்ளே எப்போதும் 12 டிகிரிதான், கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். படம் எடுக்க அனுமதி கிடையாது.

புள்ளி போட்ட இரண்டு குதிரைகள்தான் இந்தக் குகையின் புகழ். வயது சுமார் 29,000 வருடம். வலப்பக்கக் குதிரையின் தலை இருக்கும் இடத்தில் பாறையே குதிரைத் தலை வடிவில் நீண்டிருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பாறையைப் பார்த்துத்தான் ஓவியருக்குக் குதிரை தோன்றியிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். சுற்றிலும் கையை வைத்து நிறத்தை ஊதிப் பதித்த கைத்தடங்கள். வேறோர் இடத்தில், ஈர மண்ணில் பதிந்து கெட்டியாகிப்போன ஒரு சிறுவயதுக்காரரின் காலடித் தடம். வழிகாட்டி சொல்வது முழுவதும் புரியாவிட்டாலும் அந்தக் காலடி புரியும்.

படி 6: மேட்டு நிலத்தில் கல்லைப் படியுங்கள்

பள்ளத்தாக்குக்கு மேலே விரிந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் மேட்டு நிலத்தை கோஸ் என்பார்கள். குட்டை ஓக் மரங்கள், கல் சுவர்கள், கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கறுப்பு வளையமுள்ள செம்மறி ஆடுகள். மழைநீர் பாறை வழியே கீழே இறங்கிவிடுவதால் மேலே ஓடை கிடையாது. பழைய கிணறும் குளமும் துணி துவைக்கும் தொட்டியும் இங்கே இவ்வளவு கவனத்தோடு கட்டப்பட்டிருப்பது அதனால்தான்.

வயலில் பொறுக்கிய கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டிய வட்டக் குடிசைகளைப் பார்ப்பீர்கள். மேய்ப்பர்களும் உழவர்களும் மழைக்கு ஒதுங்கிய இடங்கள் இவை. சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கைத்திறனை யுனெஸ்கோ 2018இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுவரிலிருந்து ஒரு கல்லைக்கூட உருவாதீர்கள். சுவரின் மேல் ஏறி உட்காராதீர்கள். தரையில் சிக்கிமுக்கிக் கல் கிடைத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பழம்பொருள் தேட உலோகம் கண்டறியும் கருவியை அனுமதியில்லாமல் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். ஆட்டு வேலிக் கதவைத் திறந்தால், கடந்ததும் மூடுங்கள்.

படி 7: பையில் என்ன, மனதில் என்ன

கோடையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருக்கும், ஆனால் 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. மதியம் 12 முதல் 2 வரை கடைகள் மூடிவிடும். பல ஊர்களில் ஞாயிறு மதியமும் திங்களும் திறப்பதில்லை, ரொட்டியும் பழமும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். இந்த வட்டாரச் சமையலில் வாத்துக் கொழுப்பு எல்லாவற்றிலும் நுழையும். சைவம் சாப்பிடுகிறவர்கள் தங்குமிடத்துக்குப் போன் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். ஆட்டுப்பாலில் செய்யும் ரோக்கமதூர் என்ற சின்ன வட்டச் சீஸ் எங்கும் கிடைக்கும்.

உயரமான புல்லில் உண்ணிகள் இருக்கும். நீளக் கால்சட்டை போடுங்கள், இரவு உடம்பைச் சோதியுங்கள். உண்ணி எடுக்கும் சிறு கொக்கி மருந்துக்கடையில் விற்கிறார்கள். கடித்த இடத்தில் பின்னர் சிவப்பு வட்டம் பரவினால் உடனே மருத்துவரிடம் போங்கள். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக் காலம். அப்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் அணியுங்கள், வேட்டை நடக்கிறது என்ற பலகை கண்டால் வேறு வழியில் போங்கள். அவசர எண் 112. பாதையில் எதிரே யார் வந்தாலும் 'போன்ஜூர்' சொல்லுங்கள். அங்கே அதைச் சொல்லாமல் கடப்பது மரியாதைக் குறைவு.

படி 8: அடுத்த நீளம்

இந்த நடைகள் உடம்புக்குப் பழகிவிட்டால், ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு யாத்ரீகர்கள் போகும் ஜிஆர் 65க்கு வாருங்கள். ஃபேசெல் கிராமத்திலிருந்து கஜார்க் வரையிலான 22.5 கி.மீ. பாதையே 1998இல் உலக மரபுச் சின்னமானது. இடையில் கிரேயாலு ஊருக்கு அருகே, அந்த யாத்திரை பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே எழுப்பிய ஒரு கல்திட்டை பாதையோரமாக நிற்கிறது. இந்தத் தூரத்தை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று இல்லை. கிரேயாலுவில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளாகப் பிரிக்கலாம். மே மாதத்திலும் செப்டம்பரிலும் யாத்ரீகர் விடுதிகள் நிரம்பிவிடும், படுக்கையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கஜார்க்கிலிருந்து காவோருக்கும் ஃபிஜாக்குக்கும் பஸ் இருக்கிறது.