சுங்குடி ஆர்டரை பிபிஎம்என் படமாக வரைவது எப்படி

மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு சுங்குடிச் சேலை (துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைப்பது) மொத்தக் கடைக்கு நான் கணக்கு, கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். போன வருடம் அங்கே 40 சேலை தப்பான கலரில் நனைந்து வந்தது. ஆர்டர் கொடுத்த சென்னைக்காரர் முதலில் அரக்கு கேட்டிருக்கிறார், மறுநாள் மயில்கழுத்து என்று மாற்றி முதலாளியின் வாட்ஸப்புக்கு அனுப்பியிருக்கிறார், அதை முதலாளி பார்ப்பதற்குள் முடிச்சுப் போட்ட துணி சாயத்தொட்டிக்குள் போய்விட்டது. விசாரித்தால் எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். கலர் உறுதியாகும்வரை யார் துணியைப் பிடித்து வைப்பது என்பது மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை. அந்த வாரமே பழைய தினத்தாள் காலண்டரைக் கிழித்துப் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தோம். அப்போது கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு வேலை எந்த வரிசையில், யார் கையில் நடக்கிறது என்று படமாகக் காட்டும் குறியீடுதான் பிபிஎம்என், அதாவது பிசினஸ் ப்ராசஸ் மாடல் அண்ட் நொட்டேஷன். முதல் பதிப்பு 2004-இல் வந்தது. இப்போது எல்லோரும் பயன்படுத்தும் 2.0 பதிப்பை ஓஎம்ஜி (ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப்) என்ற அமைப்பு 2011-இல் வெளியிட்டது, 2013-இல் அது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகவும் ஆனது. நாமே கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதும், ஆனால் அந்த அம்பு "அடுத்த வேலை இது" என்கிறதா, "தகவல் போகிறது" என்கிறதா என்பது வரைந்தவருக்கு மட்டும்தான் தெரியும். பிபிஎம்என்னில் இரண்டுக்கும் வேறு வேறு கோடு.

சரி, வடிவங்களுக்கு வருவோம். வட்டம் என்றால் ஏதோ நடந்தது என்று பொருள். மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம், தடித்த கோட்டு வட்டம் முடிவு, இரட்டைக் கோடு போட்டால் நடுவழியில் நடப்பது. வட்டத்துக்குள் கடித உறை இருந்தால் செய்தி, கடிகாரம் இருந்தால் நேரம். முனை மழுங்கிய செவ்வகம் ஒரு வேலை. அதற்குள் எழுதும்போது "பில்லிங்" என்று மொட்டையாக எழுதாமல் "பில் போடு", "துணி எண்ணு" என்று எழுதுங்கள். அப்படி எழுத வரவில்லை என்றால் அங்கே என்ன வேலை நடக்கிறது என்பதே நமக்குச் சரியாகத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். சாய்சதுரம் வழி பிரியும் இடம், சேரும் இடம்.

அப்புறம் பெரிய நீளக் கட்டம், அதற்குப் பெயர் பூல், தனியாக வேலை செய்யும் ஒரு தரப்புக்கு ஒரு பூல். எங்கள் கடை ஒரு பூல், அதற்குள் கல்லா, ஸ்டாக் ரூம், பேக்கிங் என்று பிரிவுக்கு ஒரு வரிசையாக மூன்று லேன். சாயப்பட்டறை வேறொருவருடையது, அதனால் அது தனி பூல். முடிச்சுப் போடும் அக்காமார் வீட்டில் இருந்தபடி கூலிக்குச் செய்கிறவர்கள், அவர்களுக்கும் தனி பூல். வாடிக்கையாளர் உள்ளே என்ன செய்கிறார் என்பது நமக்குத் தேவையில்லை, காலிக் கட்டமாக விட்டுவிடலாம். "அடுத்த வேலை இது" என்னும் முழுக்கோட்டு அம்பு ஒரு பூலைத் தாண்டி இன்னொரு பூலுக்குள் போகக் கூடாது, தாண்டுவது தகவலைக் காட்டும், விட்டுவிட்டுப் போட்ட கோடு மட்டும்தான். இந்த ஒரு விதிதான் எங்களுக்குக் கண்ணைத் திறந்தது. பட்டறைக்கு நாம் சொல்லி அனுப்பத்தான் முடியும், அவர்கள் வேலையின் வரிசை நம் கையில் இல்லை. அப்படியானால் கலர் உறுதியாகாமல் துணி நம் பூலை விட்டு வெளியே போகவே கூடாது.

சாய்சதுரத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தொடக்க வட்டத்தில் வையுங்கள், அதுதான் உங்கள் ஆர்டர். அம்பு போகும் வழியில் நகர்த்திக்கொண்டே வாருங்கள். உள்ளே எக்ஸ் போட்ட சாய்சதுரம் வந்தால் கொட்டை ஏதாவது ஒரு வழியில்தான் போகும். கூட்டல் குறி போட்டது வந்தால் வழிக்கு ஒன்றாகப் புதுக் கொட்டை வைக்க வேண்டும். சேலை வந்து சேர்ந்ததும் ஒரு பக்கம் மடித்துப் பெட்டியில் வைக்கிறார்கள், அதே நேரத்தில் கல்லாவில் பில் போட்டு லாரிக்குச் சொல்கிறார்கள், அதனால் இரண்டு கொட்டை. இந்த இரண்டும் சேரும் இடத்திலும் கூட்டல் குறிதான் போட வேண்டும், இரண்டும் வந்து சேரும்வரை அது நிற்கும். எங்கள் முதல் படத்தில் அங்கே தெரியாமல் எக்ஸ் போட்டிருந்தேன். முதல் கொட்டை வந்ததும் "பார்சலை அனுப்பு" நடக்கிறது, இரண்டாவது வந்ததும் மறுபடி "பார்சலை அனுப்பு" நடக்கிறது. பேக்கிங் தம்பி பார்த்துவிட்டு "அண்ணே, இதுல பில் வர்றதுக்கு முன்னாடியே பார்சல் போகுதே" என்றான். சரியாகப் பிடித்தான். எக்ஸில் பிரித்துக் கூட்டலில் சேர்த்தால் இதற்கு நேர்மாறு, ஒரே கொட்டை வந்து உட்கார்ந்து வராத இன்னொன்றுக்காக நிற்கும், ஆர்டர் அங்கேயே கிடக்கும். படம் முடிந்ததும் இந்தக் கொட்டைச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், ஒவ்வொரு வழிக்கும் ஒரு தடவையாவது.

இன்னொன்று, சாய்சதுரம் எதையும் முடிவு செய்யாது. "கலர் உறுதியா?" என்று அதன் மேல் எழுதி ஆம், இல்லை என்று இரண்டு அம்பு போட்டால், அதற்கு முன்னால் "கலர் பதிலைப் பார்" என்று ஒரு வேலைக் கட்டம் இருந்தே ஆக வேண்டும், அது யாருடைய லேனில் என்பதும் தெரிய வேண்டும். எங்கள் 40 சேலை போனது இந்தக் கட்டம் இல்லாததால்தான்.

கலர் பதிலுக்கு நாங்கள் கடைசியில் வரைந்தது இப்படி. கல்லா லேனில் "கலர் கார்டு அனுப்பு", அதை அடுத்து உள்ளே இரட்டை வட்டமும் ஐங்கோணமும் உள்ள சாய்சதுரம். எது முதலில் நடக்கிறதோ அந்த வழி என்று அதற்குப் பொருள். ஒரு வழியில் கடித உறை, பதில் வந்தால் துணி முடிச்சுக்குப் போகும். இன்னொரு வழியில் கடிகாரம், 2 நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் கல்லாவில் இருக்கிறவர் போன் போட்டுக் கேட்டுவிட்டு மறுபடி காத்திருப்பார். இப்போது கலர் பேச்செல்லாம் கடை நம்பரில்தான், முதலாளியின் சொந்த நம்பரில் கிடையாது.

பட்டறையிலிருந்து சேலை வரும்வரை காத்திருக்கும் கட்டத்தின் ஓரத்திலும் ஒரு கடிகாரத்தை ஒட்டினோம். அந்த இரட்டை வட்டத்தை முழுக்கோட்டில் போட்டால் நேரம் வந்ததும் காத்திருப்பு ரத்தாகிவிடும். விட்டுவிட்டுப் போட்டால் காத்திருப்பும் தொடரும், கூடவே "பட்டறைக்குப் போன் போடு" என்ற வேலையும் நடக்கும். மழை பிடித்து இரண்டு நாள் சேலை காயாமல் கிடந்தால் நமக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

முதலில் காகிதம், பென்சில் போதும். வேலை செய்கிறவர்களைச் சுற்றி உட்கார வைத்து, போன வாரம் நிஜமாக நடந்த ஒரே ஒரு ஆர்டரைச் சொல்லச் சொல்லி வரையுங்கள். எல்லா வகையையும் ஒரே படத்தில் திணிக்க வேண்டாம். படம் ஓரளவு நிலைத்த பிறகு பிபிஎம்என் டாட் ஐஓ தளத்தில் இலவசமாகவே வரையலாம், அந்தக் கோப்பை இந்தத் தரத்தை ஏற்கும் வேறு மென்பொருளிலும் திறக்கலாம். எங்கள் படம் ஏ3 தாளில் ஸ்டாக் ரூம் கதவில் ஒட்டியிருக்கிறது, ஏதாவது மாறினால் பேனாவால் அதிலேயே திருத்திவிட்டு மாதக் கடைசியில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம்.