மூன்றாவது நேர்முகத் தேர்வில் கைகொடுத்த பென்சில்

வளைகுடா நாட்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பணிக்காக மும்பையில் நடந்த இரண்டு நேர்முகத் தேர்வுகளில் நான் தோற்றதற்கு என் ஆங்கிலமே காரணம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மை வேறு. குழாய்களின் நீரழுத்தச் சோதனைக்கு வடிவமைப்பு அழுத்தத்தைப்போல் 1.5 மடங்கு வேண்டும் என்று ஏ.எஸ்.எம்.இ. பி31.3 விதியை (ஆலைக் குழாய்களுக்கான அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பு) ஒப்பித்த என்னிடம், காற்றால் சோதிக்கும்போது 1.1 மடங்கே போதும் என்பது ஏன் என்று கேட்டார்கள்; வாயடைத்துப் போனேன். அமுக்கப்பட்ட காற்றில் தேங்கும் ஆற்றல் நீரில் தேங்குவதைவிடப் பன்மடங்கு என்பதால், குழாய் உடைந்தால் அது வெடிப்பாகவே முடியும்; அதனால்தான் காற்றுச் சோதனைக்குக் குறைந்த மடங்கு.

அதன்பின் மனப்பாடத்தைக் கைவிட்டு, நான் உடனிருந்த சோதனைகளின் ஐசோமெட்ரிக் வரைபடங்களை (குழாய்களை முப்பரிமாணத் தோற்றத்தில் காட்டுபவை) எடுத்து, உச்சியில் வென்ட் (காற்று வெளியேறும் வழி), அடியில் டிரெய்ன் (நீர் வடியும் வழி) ஏன் என்று ஒவ்வொன்றின் அருகிலும் காரணத்தைப் பென்சிலால் எழுதினேன். சென்னையில் நடந்த அடுத்த தேர்வில் வெற்றுத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, வரைந்தே பதில் சொன்னேன். தேர்வானேன், சம்பளப் பேச்சில் தடுமாறியது தனிக்கதை.