காப்பகத்துக்குப் புதிதாக வரும் அக்காக்களைப் பழக்குவது எப்படி: முதல் வாரம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு 4 முறை வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்று 2017இல் சட்டத் திருத்தம் வந்தது. அறை ஒதுக்கிவிடலாம், பாய் வாங்கிவிடலாம். ஆளைப் பழக்குவதற்குத்தான் நாள் பிடிக்கும். வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். "மூணு பெத்து வளத்துனவ கண்ணு, எனக்குத் தெரியாததா?" என்பார்கள். உண்மைதான், அந்தக் கைப்பக்குவம் நமக்கு வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளைக்கு நாலு பேர் இருப்பார்கள், இங்கே ஒருவரிடம் ஆறு பிள்ளைகள்.

படி 1: கண்ணைக் கைமாற்றுவது

மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். காரணம் சொல்கிறேன்.

ஒரு நாள் 11 மணி டீ இடைவேளையில் இரண்டு அம்மாக்கள் சேர்ந்து வந்தார்கள். ஒரு அக்கா கதவைத் திறக்கப் போனார். இன்னொருவர் துணி மாற்றிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறார் என்று இவரும், இவர் பார்க்கிறார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். நான் உள்ளே போனபோது ஒன்றேகால் வயதுப் பையன் குளியலறையில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையும் வாளி விளிம்பில், குதிகால் தரையில் இல்லை, மிதக்கும் மக்கை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறான். வாளியில் ஒரு சாண் தண்ணீர். அந்த வயதில் உடம்பு அளவுக்குத் தலை கனம் அதிகம். தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட பிறகும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

அன்றிலிருந்து வாளி கவிழ்த்தே இருக்கும். பிள்ளைகளை விட்டு நகர்கிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "கதவுக்குப் போறேன், ஆறு பேர் உங்க கண்ணுல." அடுத்தவர் எண்ணிப் பார்த்து, "ஆறு பேர் என் கண்ணுல" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் நகரலாம். "சரி" என்பது பதில் ஆகாது.

பழக்கும்போது வேண்டுமென்றே தப்பான எண் சொல்லுங்கள். ஆறு பேர் இருக்கும்போது "ஏழு" என்றால், புதியவர் அப்படியே "ஏழு" என்பார். எண்ணவில்லை என்று அப்போது அவருக்கே புரியும். "இல்லீங்க, ஆறுதான்" என்று தானாகத் திருத்தும்வரை அவரைத் தனியாக விடுவதில்லை. எங்களுக்கு இது மூன்று நாள் பிடிக்கும்.

படி 2: துணி மாற்றுவது

எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு பிள்ளையைப் படுக்க வையுங்கள். ஒரு கை எப்போதும் பிள்ளை மேல். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பிள்ளையின் கையையும். சானிடைசர் இதற்கு ஆகாது, அழுக்குப் பட்ட கைக்குச் சோப்புதான்.

அவசரப்படாதீர்கள். எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் 1946இல் புடாபெஸ்டில் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார். அங்கே தூக்குவதற்கு முன் "தூக்கப் போறேன்" என்று சொல்லி, பிள்ளை உடம்பால் பதில் தரும்வரை காத்திருப்பார்கள். ஆறு பேர் உள்ள அறையில் ஒரு பிள்ளைக்கு ஒரு முகம் முழுசாகக் கிடைப்பது துணி மாற்றும் அந்த ஐந்து நிமிடம்தான்.

பழக பிளாஸ்டிக் பொம்மை வாங்க வேண்டாம், கனமே இருக்காது. துணிப்பையில் 7 கிலோ அரிசி போட்டுத் தைத்து, தலைக்குத் துணிப் பந்து வையுங்கள். கழுத்தைத் தாங்காமல் தூக்கினால் தலை தொங்குவது கண்ணுக்கே தெரியும்.

படி 3: தூங்க வைப்பது

தூளி வேண்டும் என்று கேட்பார்கள். காப்பகத்தில் வேண்டாம். முகம் தெரியாது, தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சு முட்டலாம். கெட்டியான விரிப்பில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை இல்லாமல். தூளிக்குப் பழகிய பிள்ளை முதல் வாரம் அழும். பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்திருங்கள். தூங்கிய பிறகும் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

படி 4: பால்

அம்மா பீய்ச்சித் தந்த பால் 25 டிகிரி வரை 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது, வந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெயரும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். சூடுபடுத்த வெந்நீர்க் கிண்ணம் போதும், மைக்ரோவேவ் கூடாது. பாட்டிலை விட, பால் புகட்டும் பாலாடைக் கிண்ணம்தான் எனக்குப் பிடிக்கும், கழுவுவது சுலபம்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு, தொண்டையில் அடைத்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பிள்ளை பலமாக இருமினால் இரும விடுங்கள். சத்தமே வராமல் திணறினால், ஒரு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. திருப்பி, மார்பின் நடுவில் 5 அழுத்து. அடைப்பு வெளியே வரும்வரை மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போகும். அதே நேரத்தில் இன்னொருவர் 108க்கு அழைக்க வேண்டும். பிள்ளை மயங்கினால் உடனே சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி, வாயால் மூச்சு கொடுக்கும் முதலுதவி) தொடங்க வேண்டும். அதைப் படித்துக் கற்க முடியாது, பயிற்சி பெற்றவரை வரவழைத்து எல்லா அக்காக்களும் கையால் செய்து பழகுங்கள். எங்கள் காப்பகத்தில் மாதம் ஒரு முறை, அந்த அரிசிப் பையை வைத்தே திரும்பச் செய்து பார்க்கிறோம்.