கறுப்பு முடிக்குக் கலர்: எந்த முறை சரிவரும், பார்லரில் என்ன கேட்க வேண்டும்

ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்று பார்லரில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நிறம் வருமா வராதா என்பது உங்கள் முடியில் ஏற்கெனவே என்ன ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 செ.மீ. வளர்கிறது. தோளைத் தாண்டிய முடியின் நுனிக்கு ஏறக்குறைய மூன்று வயது. இந்த மூன்று வருடத்தில் போட்ட டை, மருதாணி, செய்துகொண்ட ஸ்ட்ரெய்ட்னிங் எல்லாவற்றின் தடமும் அந்த முடியில் இன்னும் இருக்கும். போகும் முன் அவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இதை மறைத்தால் நஷ்டம் உங்கள் முடிக்குத்தான்.

முடியின் கருமையை 1 முதல் 10 வரை எண்ணால் குறிப்பார்கள். 1 என்றால் கறுப்பு, 10 என்றால் மிக வெளிர்ந்த பொன்நிறம். நம் ஊர் முடி பெரும்பாலும் 1 முதல் 3க்குள் அடங்கும். கலர் டியூபில் 5.3 என்று போட்டிருந்தால், புள்ளிக்கு முன்னால் இருப்பது கருமையின் அளவு, பின்னால் இருப்பது சாயல். கலரோடு கலக்கும் பெராக்சைடு திரவம்தான் டெவலப்பர். 20 வால்யூம் எனப்படும் 6% டெவலப்பர் ஒன்றிரண்டு படி வெளுக்கும். 30 வால்யூம், அதாவது 9%, இரண்டு மூன்று படி. ஆகவே பிளீச் இல்லாமல் 4 அல்லது 5 வரைதான் போகலாம். டார்க் பிரவுன், செம்பழுப்பு, பர்கண்டி எல்லாம் இதற்குள் வந்துவிடும். கேரமல், தேன் நிறம், ஆஷ் எனும் சாம்பல் சாயல் கேட்டால் பிளீச் கட்டாயம்.

வருடக்கணக்காகக் கறுப்பு டை அடித்த முடிக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. டை ஏறிய முடியைக் கலர் வெளுக்காது. புதிதாக வளர்ந்த வேர் மட்டும் பளிச்சென்று மாறி, கீழே கறுப்பாகவே நிற்கும்.

நரையை மறைப்பதுதான் நோக்கம் என்றால் வேரில் வளர்ந்த பகுதிக்கு மட்டும் பூசும் ரூட் டச்-அப் போதும். பாதிக்கு மேல் நரை இருந்தால் தனி பர்கண்டியோ காப்பரோ சரியாகப் பிடிக்காது. அதே எண்ணுள்ள இயல்பு நிறத்தைச் சரிபாதி கலந்து, 6% டெவலப்பரில் போடச் சொல்லுங்கள். நெற்றியோரமும் காதோரமும் உள்ள நரை பிடிவாதமானது, அங்கிருந்து தொடங்குவது நல்லது. ஒவ்வொரு முறையும் நுனிவரை இழுத்துப் பூசினால் நுனி கறுத்து, உயிரில்லாமல் போய்விடும். நரை அங்கொன்று இங்கொன்று என்றால் நிரந்தரமாகத் தங்காத டெமி-பெர்மனன்ட் கலரே மேல். அது மெல்ல மங்குவதால் வேரில் கோடு விழாது.

அழகுக்காக என்றால் ஹைலைட்ஸா, பாலயாஜா என்பதை, திரும்பி வர எவ்வளவு நேரமும் பணமும் ஒதுக்க முடியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். கற்றை கற்றையாகப் பிரித்து ஃபாயிலில் சுற்றி வெளுக்கும் ஹைலைட்ஸ் வேரிலிருந்தே தொடங்குவதால் இரண்டு மாதத்தில் வளர்ந்த கோடு தெரியும். பாலயாஜில் பிளீச்சைக் கையால் தீட்டி, நடுவிலிருந்து நுனிக்கு வெளுத்துக்கொண்டு போவார்கள். நான்கைந்து மாதம் வளர்ந்தாலும் உறுத்தாது. கறுப்பு முடியில் முதல் தடவை செய்பவர்களுக்குப் பாலயாஜையே சொல்வோம். தலை முழுக்கப் பிளீச் செய்யும் குளோபல் கலர், மாதாமாதம் வேரைக் கவனிக்க முடிந்தவர்களுக்கு மட்டும். ரசாயனம் போட்டு நேராக்கும் ரீபாண்டிங் செய்த முடியில் பிளீச் வேண்டாம். அங்கே முடி ஏற்கெனவே பலமிழந்திருக்கும், கையோடு ஒடிந்து வரும்.

நாள் குறிக்கும் முன் இரண்டு சோதனை. காதுக்குப் பின்னால் கலரைச் சிறிது தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ வீக்கமோ வந்தால் அந்தக் கலர் வேண்டாம். கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடிகள், பூச்சுகள் பலவற்றிலும் டையில் உள்ள அதே பிபிடி என்ற ரசாயனம்தான் இருக்கிறது. அது ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்து, உள்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய கற்றைக்குப் பிளீச் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உலோக உப்பு கலந்த மருதாணிப் பொடி ஏறிய முடியில் பிளீச் பட்டால் சூடேறி முடி கருகும். அது ஒரு கற்றையோடு போகட்டும்.

கலர் போடும் அன்றைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். முந்தின நாள் குளித்த தலையே போதும். தலை முழுக்கப் பிளீச் செய்தால் வேரை விட்டு 2 செ.மீ. தள்ளித் தொடங்கி, வேருக்குக் கடைசியில் வர வேண்டும். தலைச் சூட்டில் வேர் சீக்கிரம் வெளுத்துவிடும். முதலில் வேருக்குப் போட்டால் மேலே மஞ்சளும் கீழே செம்பழுப்புமாக நிற்கும்.

கறுப்பு முடி வெளுக்கும்போது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்ற வரிசையில்தான் போகும். அதிகம் ஏமாற்றம் வருவது இங்கேதான். ஃபாயிலைப் பிரித்தால் முடி பூசணிச் சதை நிறத்தில் இருக்கும். நேரமாகிவிட்டது என்று அதன் மேலேயே ஆஷ் டோனரைப் பூசி அனுப்புவார்கள். டோனர் சாயலை மட்டும்தான் மாற்றும், வெளுக்காது. நாலைந்து குளியலில் ஆரஞ்சு திரும்ப எட்டிப் பார்க்கும். ஆரஞ்சு நிலையில் நிறுத்துவதென்றால் நீலச் சாயல் டோனர் போட்டுக் கேரமலாக முடித்துக்கொள்ளுங்கள். ஆஷ்தான் வேண்டுமென்றால் வெளிர்மஞ்சள் வரை வெளுத்து, ஊதாச் சாயல் டோனர் போட வேண்டும். ஒரே நாளில் அவ்வளவு தூரம் இழுக்காமல், சில வாரம் விட்டு இன்னொரு நாள் தொடருங்கள்.

கலர் போட்டபின் இரண்டு நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம். அதன்பின் சல்பேட் இல்லாத ஷாம்பு, வெந்நீர் அல்லாத தண்ணீர். எண்ணெய் வைத்தால் கொஞ்சமாக நுனிக்கு மட்டும் வையுங்கள். நிறைய வைத்துச் சீயக்காய் போட்டுத் தேய்த்தால் டோனர் முதலில் போகும். போர்வெல் தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்காவது ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு படிந்தால் பிளீச் செய்த முடி சொரசொரப்பாகி, நிறமும் மங்கும். டோனரை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.