கிளாண்ட் ஒழுக்கை அடக்கிய விதம்

குடிநீர் நீரேற்று நிலையத்து சென்ட்ரிஃபியூகல் பம்பில் கிளாண்ட் (சுழலும் தண்டைச் சுற்றிய அடைப்பை அழுத்திப் பிடிக்கும் மூடி) ஒழுக்கு தாரையாகிவிட்டது. நட்டை இறுக்கினால் நின்றது. கால் மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு, கருகல் வாடை. சொட்டும் தண்ணீர்தான் பேக்கிங்கை, அதாவது அந்த அடைப்பான கயிறு வளையங்களை, குளிர்விக்கிறது. அதை அடைத்தால் தண்டின் மேலுள்ள காப்புக் குழாயான ஸ்லீவ் தேயும்.

மின்சாரத்தைத் துண்டித்து, வால்வுகளை மூடி, பம்பை வடித்து, பழைய வளையங்கள் அத்தனையையும் கொக்கியால் எடுத்தேன். மேலே இரண்டை மட்டும் மாற்றுவது வீண். அடியில் உள்ளவை கல்லாய் இறுகியிருக்கும். ஸ்லீவை நகத்தால் வருடினேன். பள்ளம் தட்டுப்பட்டால் ஸ்லீவையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதுப் பேக்கிங்கும் சில நாள்தான். இதில் வழவழப்பாகவே இருந்தது.

பேக்கிங் உட்காரும் பெட்டியின் உள்விட்டம் 74 மி.மீ., ஸ்லீவின் வெளிவிட்டம் 50. வித்தியாசத்தில் பாதி, 12 மி.மீ. கிராஃபைட் பேக்கிங். ஸ்லீவ் பருமனுள்ள குழாயில் சுற்றி வெட்டி, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். வெட்டு வாய்கள் ஒரே வரிசையில் வராமல் 90 பாகை மாற்றி மாற்றி. பேக்கிங் வளையங்களுக்கிடையே தண்ணீரைப் பரப்பும் துளையுள்ள லான்டர்ன் வளையம், பெட்டியின் நீர்த்துளைக்கு நேரே நிற்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

நட்டைக் கையால் மட்டும் முடுக்கி ஓட்டினேன். 20 நிமிடம் தாராளமாக ஒழுகவிட்டு, பிறகு இரு நட்டையும் சமமாக, 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஆறில் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 50 சொட்டு வந்ததும் நிறுத்தினேன். இப்போது ஒவ்வொரு ஷிஃப்டிலும் சொட்டை எண்ணிப் பதிவேட்டில் எழுதுகிறோம்.