ஆண்டவரோடு சண்டை போடலாம், பேச்சை மட்டும் நிறுத்தக்கூடாது

ராமேஸ்வரத்தை ஒட்டின எங்கள் மீனவ ஊர்களான தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் கஷ்டத்துக்குப் பஞ்சமே இல்லை. கடலுக்குப் போன படகு விடிந்தும் வரவில்லை, இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று காலையில் வாட்ஸப்பில் பெயர்ப்பட்டியல் வரும். வீட்டு ஆளின் பெயர் அதில் இருக்கிறதா என்று கை நடுங்க போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிற பெண்ணிடம் "விசுவாசமா இரும்மா" என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். எப்படி இருப்பது என்று யாரும் சொல்வதில்லை. என் அறிவுக்கு எட்டினவரை, ஆண்டவரோடு பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அழுதோ திட்டியோ, வாயே திறக்காமல் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தோ, ஏதோ ஒரு வகையில்.

முதலில், கோபம் வந்தால் மறைக்காதீர்கள். கோயிலுக்குள் நுழைந்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டு "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஆரம்பிப்போம், உள்ளே எரிந்துகொண்டிருக்கும். எதற்கு அந்த நடிப்பு? திருப்பாடல் 13-ஐ எடுத்துப் பாருங்கள், இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று பாடுகிறவர் ஆண்டவரிடமே நேருக்கு நேர் கேட்கிறார். 88 அதைவிட மோசம், ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்றால் நம் புலம்பலுக்கும் இடம் உண்டு என்றுதானே அர்த்தம். புயலில் படகு நிறையத் தண்ணீர் ஏறும்போது, தூங்கிக்கொண்டிருந்த இயேசுவை எழுப்பி, நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் கத்தினார்கள். கொண்டல் காற்றில் மாட்டின அனுபவம் உள்ள நம் ஆட்களுக்கு அந்தக் கத்தல் நன்றாகவே புரியும். உங்களுக்கு ஏன் விசுவாசம் இல்லை என்று அவர் கேட்டது உண்மைதான், ஆனால் மாற்கு எழுதினபடி காற்றை அடக்கிவிட்டு அப்புறம்தான் கேட்டார்.

அடுத்தது, "ஏதோ பாவம் பண்ணியிருப்பீங்க, அதான்" என்று சொல்ல வருகிறவர்களிடமிருந்து தள்ளியிருங்கள். இதை நான் கொஞ்சம் காட்டமாகவே சொல்வேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது, பாம்பனிலிருந்து போன ரயிலையும் ஆட்களோடு வாரிக்கொண்டு போனது. இன்றைக்கும் அங்கே போனால் பவளப்பாறைக் கல்லில் கட்டின கோயில் கூரை இல்லாமல் நிற்கிறது. அந்த ரயிலில் இருந்தவர்களெல்லாம் நம்மைவிடப் பெரிய பாவிகளா? எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது இதே கேள்வியை இயேசுவே எழுப்பி, இல்லை என்று பதிலும் சொல்லிவிட்டார். எல்லாம் இழந்து கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்ல நண்பர்கள்தான், காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. விசுவாசம் போதவில்லை, காணிக்கை போதவில்லை என்று மேடை போட்டுச் சொல்கிறவர்களையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

செபத்தைச் சின்னதாக்குங்கள். மனசு உடைந்து கிடக்கும்போது 53 மணி செபமாலை மலையாகத் தெரியும். சரி, பத்து மணி சொல்லுங்கள். அதுவும் முடியவில்லையா, "இயேசுவே, பாரும்" போதும். சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வருவார்கள், அடுத்த முங்கலுக்கு முன்னால் ஒரு மூச்சுதான் இடைவெளி. அந்த ஒரு மூச்சுக்குள் அடங்குகிற செபம் ஒன்றை நல்ல நாளிலேயே பழகி வைத்துக்கொள்ளுங்கள், கெட்ட நாளில் புதிதாக எதுவும் வாயில் வராது.

அதுவும் முடியாத நாள் வரும். அன்றைக்கு மற்றவர்கள் செபிக்கட்டும். நற்செய்தியில், கூரையைப் பிரித்து முடக்குவாதக்காரனை இயேசுவுக்கு முன்னால் கீழே இறக்கினார்களே நாலு பேர், அந்த இடத்தில் இயேசு பார்த்தது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்துக் கிடந்தவன் அதுவரை எதுவும் கேட்டதாகக்கூட இல்லை. எனவே அன்பியத்தில், அதாவது பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பங்கு மக்கள் சேர்ந்த செபக் குழுவில், வீட்டுக்கு வந்து செபமாலை சொல்கிறோம் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு கதவைச் சாத்தாதீர்கள். டீ போட்டுத் தரணுமே என்றும் கவலைப்படாதீர்கள். (அன்பியத்துக்காரர்களுக்கு: போகும்போது அரிசியோ மீனோ கொண்டுபோங்கள், கடன் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.)

செபிக்கிற கையே ஓடவும் வேண்டும். ஆள் பிடிபட்டால் படகின் பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டை நகல் எல்லாம் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கும் மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் அன்றைக்கே போங்கள், பங்குச்சாமியாரிடமும் சொல்லுங்கள். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் கிடக்கும்போது கந்துவட்டிக்குக் கைநீட்டுவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதுங்கள், அதுவும் பக்தியில் சேர்த்திதான். நேர்ச்சைக்காகக் கடன் வாங்காதீர்கள், எந்தப் புனிதரும் வட்டிக்கு வாங்கி மெழுகுவர்த்தி கேட்டதில்லை. தூக்கம் போய், செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை, அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் பண்ணினால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1693 பிப்ரவரி 4-இல் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்ற இயேசு சபைக் குரு) விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்ட இடம், அவர் ரத்தத்தால்தான் அந்த மண் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. முந்தின நாள் சிறையிலிருந்து கூடப் பணிசெய்த குருக்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், சாகப்போகிறவருக்கும் யாரிடமாவது பேச வேண்டியிருந்திருக்கிறது. ஆனால் வேதசாட்சி கதையைச் சொல்லி அடுத்தவர் வாயை அடைக்காதீர்கள். கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கிற வீட்டுக்காரருக்கு அவர் கஷ்டம்தான் பெரிது.

கடைசியாக, இருப்பதிலேயே கஷ்டமானது. நமக்குக் கேடு செய்தவர் என்று நாம் நினைக்கிறவருக்காகச் செபிப்பது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிற படகில் இடம் கிடைத்தால் போங்கள். யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்து மீனவக் குடும்பங்களும் வரும், தமிழிலும் பூசையும் பாட்டும் உண்டு. அவர்களுக்கும் நம்மேல் குறை உண்டு, நம் விசைப்படகின் இழுவைமடி வலை அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறது என்று. பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்லி முடித்ததும் வலை எப்படியண்ணே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். திட்டுவார். குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் உங்கள் படகு கதையைச் சொல்லுங்கள்.