டிக்கியில் இரண்டாவது பேட்டரி: தொட்டி கட்டினால் போர்வெல்லில் தண்ணீர் கூடிவிடாது

தோட்டத்துப் போர் ஒரு இஞ்சுத் தண்ணீர்தான் ஊற்றுகிறது, பயிருக்குப் பத்தவில்லை. இருக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொன்று கட்டினால் போர் இரண்டு இஞ்சு ஊற்றுமா என்று கேட்டால், கொங்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சிரிக்கும். காரில் பாட்டு வைக்கும்போது மட்டும் நாம் அந்த இரண்டாவது தொட்டியைத்தான் கட்டுகிறோம். பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது. "டிக்கில இன்னொரு பேட்டரி போட்டுட்டா சரியாப் போயிருமுங்க" என்கிறார் ஒருவர். போட்டுவிடுகிறோம். நானும் அப்படிப் போட்டவன்தான்.

காரில் போர் என்பது ஆல்டர்னேட்டர். பழைய மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்பார்கள். பேட்டரி வெறும் தொட்டி. சின்னக் கார்களின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 70, 80 ஆம்பியர் சுற்றில்தான் இருக்கும். அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது, அதுவும் சூடேறிய பிறகு, வெகுவாகக் குறைந்துவிடும். ஏசி, ஹெட்லைட், பெட்ரோல் பம்ப், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் அதிலிருந்துதான் பிழைக்க வேண்டும். 1000 வாட் ஆர்எம்எஸ் (விடாமல் தரும் சக்தி) கிளாஸ் டி ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்பிளிஃபையர், கரண்டை அதிகம் வீணாக்காத வகை) முழு மூச்சில் ஓடினால் 90 ஆம்பியர் இழுக்கும். பாட்டு முழுக்க அப்படி இழுக்காதுதான், சராசரி அதைவிட வெகுவாகக் குறைவு. ஆனாலும் வரவைவிடச் செலவு கூடினால் தொட்டி இரண்டானாலும் காலியாகும். கொஞ்சம் தாமதமாகக் காலியாகும், அவ்வளவே.

அதனால், அளந்து பார்க்காமல் பேட்டரி வாங்குவதே முதல் தவறு. சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிட்டு, வழக்கமாக வைக்கும் சத்தத்தில் பாட்டை வைத்துப் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை நின்றால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. பாட்டு ஓட ஓட 12.8க்குக் கீழே இறங்கி அங்கேயே கிடந்தால் ஆல்டர்னேட்டர் தாக்குப்பிடிக்கவில்லை. ஆம்பைச் சிறிதாக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய ஆல்டர்னேட்டர் மாட்ட வேண்டும். பேட்டரியில் 14 காட்டி, ஆம்ப் முனையில் 12.5 காட்டினால் குற்றவாளி கேபிளோ எர்த்தோதான் (எர்த் என்பது மைனஸைப் பாடியோடு சேர்க்கும் ஒயர்). ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பிளஸ், பேட்டரி மைனஸிலிருந்து பாடி, எஞ்சினிலிருந்து பாடி, இந்த மூன்று ஒயர்களையும் தடிமனாக மாற்றினாலே பாதிப் பேருக்கு ஹெட்லைட் மங்குவது நின்றுவிடும் என்பது என் அனுபவம்.

அப்படியானால் இரண்டாவது பேட்டரி யாருக்கு? எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டு வைப்பவருக்கு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தோடு ஒரு வேன் போகுமே, பகலெல்லாம் காவடிப் பாட்டை ஓடவிட்டுக்கொண்டு, பாதி நேரம் நின்றும் பாதி நேரம் ஆட்கள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தும். அந்த வேனுக்குத் தேவை. சாயங்காலம் செல்ஃப் எடுக்காமல் பத்துப் பேர் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, தேவைதான் என்று முடிவாகிவிட்டது. இனி வருகிற தவறுகளில் பணம் மட்டும் போவதில்லை, வண்டியே எரியலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பானட்டிலிருந்து டிக்கி வரை தடிமனாக ஒரு கேபிள் இழுத்து, முன் பேட்டரிக்குப் பக்கத்தில் பெரிய ஃபியூஸ் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்து, திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் வழியில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால் முன் ஃபியூஸ் எப்போதோ போயிருந்தது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் கேபிள் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. பின் சீட்டின் இரும்பில் உரசி உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டுவிட்டது. கரண்ட் டிக்கிப் பேட்டரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஃபியூஸே கிடையாது. நடுங்கும் கையோடு பின் டெர்மினலைக் கழற்றினேன்.

பின்னால் மோட்டார் காயில் கட்டுகிற பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "ஏனுங் தம்பி, ரண்டு பக்கமும் உசுரு இருக்குது, ஒரு பக்கத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டா ஆச்சுங்களா?" என்றார். வீட்டிலிருந்து போர் மோட்டாருக்குப் போகும் ஒயரில் கரண்ட் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே ஓடும் ஒயரில் இரு முனையிலிருந்தும் வரும். ஆகவே இரு முனையிலும் ஃபியூஸ், ஒவ்வொன்றும் அந்தந்தப் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள். பாடியைத் தொட்டால் ஒரு கார் பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கக்கும். அந்த ஒன்றரை அடிக்குக் காவல் எதுவும் இல்லை என்பதால்தான் அது குட்டையாக இருக்க வேண்டும்.

ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்பை அல்ல, ஒயரை. இது புரியாமல், அடிக்கடி போகிறதே என்று பெரியதாக மாற்றுகிறவர்கள் உண்டு. கேஜ் என்பது ஒயரின் தடிமன் எண், எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும். சுத்தச் செம்பில் 4 கேஜ் என்றால் 100 முதல் 150 ஆம்பியருக்குள், 0 கேஜ் என்றால் 250, 300. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒயரை மாற்றுங்கள். இங்கே இன்னொரு ஏமாற்று இருக்கிறது. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கேபிளும் 4 கேஜ் என்றே விற்கிறது. அதே தடிமனில் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குகூட அது கடத்தாது. முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். சுத்தச் செம்பில் 4 கேஜ், 5 மீட்டர் நீளம், 100 ஆம்பியர் என்றாலே சுமார் 0.4 வோல்ட் வழியில் தொலையும். ஆழமான போருக்கு மெல்லிய கேபிள் இறக்கி மோட்டாரைக் கருக்கியவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல.

ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) ஓட்டை போட்டு வெறுமனே கேபிளை நுழைக்காதீர்கள். ஓட்டையின் விளிம்பு கேபிளைக் கிழிக்காமல் காக்கும் ரப்பர் குரோமெட் பத்து இருபது ரூபாய்ச் சமாச்சாரம். சீட் தண்டவாளம், சைலன்சர், பெட்ரோல் குழாய் பக்கம் போகவே கூடாது.

இரண்டு பேட்டரிகளையும் நேராகச் சேர்த்துக் கட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். காலையில் செல்ஃப் எடுக்காது. நடுவே, தேவைப்படும்போது இரண்டையும் பிரித்துவிடும் ஐசோலேட்டர் வேண்டும். வோல்டேஜ் பார்த்து இயங்கும் ரிலே வகை சுமார் 13.3 வோல்ட்டில் இரண்டையும் சேர்க்கும், 12.8 பக்கம் இறங்கினால் பிரிக்கும். செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான சொலினாய்டை இதற்குப் பயன்படுத்தும் மலிவு வைத்தியம் வேண்டாம். அது சில நொடிகளுக்கானது, மணிக்கணக்கில் பிடித்திருந்தால் சுட்டுக் கருகும். அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டர் வோல்டேஜை ஏற்றி இறக்குகிறது. அங்கே இந்த ரிலே குழம்பும். வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் பின் பேட்டரிக்குச் சரியான வோல்டேஜைத் தரும் டிசி டு டிசி சார்ஜர்தான் சரி. அதேபோல் மைனஸ் டெர்மினலில் குட்டியாக ஒரு சென்சார் உட்கார்ந்திருந்தால், உங்கள் எர்த்தை அந்த டெர்மினலில் கட்டாமல் பாடியில் கட்டுங்கள். மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் மாதிரி ஏற்கெனவே இரண்டு பேட்டரி உள்ள வண்டியில் நாமாகக் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

அப்புறம், எந்தப் பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த டியூபுலர் பேட்டரியைத் தூக்கி டிக்கியில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிற எந்தப் பேட்டரியும் ஆள் உட்காரும் அறையோடு சேர்ந்த இடத்தில் இருக்கக் கூடாது. சார்ஜ் ஆகும்போது அது ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். ஹேட்ச்பேக்கில் டிக்கியும் கேபினும் ஒன்றுதான். அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறிக் கிடக்கும், சீல் செய்த ஏஜிஎம் வகைதான் பொருந்தும். அதற்கும் வால்வு உண்டு என்பதால் மரப்பெட்டிக்குள் காற்றுப் புகாமல் அடைத்து வைக்காதீர்கள். அழுகின முட்டை வாடை வந்தால் பேட்டரி ஓவராகச் சார்ஜ் ஆகிறது. கண்ணாடிகளை இறக்கி, எஞ்சினையும் பாட்டையும் நிறுத்துங்கள். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருக்கிறதா? அந்த வண்டியில் பின் பேட்டரியே வேண்டாம்.

பழைய பேட்டரியையும் புதியதையும், ஈய அமில வகையையும் லித்தியத்தையும் நேராக ஜோடி சேர்க்கக் கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும், ஈய அமிலம் 12.7தான். இரண்டையும் சேர்த்தால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு. பதினெட்டு, இருபது கிலோப் பேட்டரி டிக்கியில் நகர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்சுலேஷன் டேப்பும் கயிறும் தாங்காது. இரும்புத் தட்டும் கிளாம்ப்பும் போல்ட்டும் வேண்டும். போல்ட்டுக்கு டிரில் போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பல கார்களில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. பிளஸ் டெர்மினலுக்கு ரப்பர் மூடி கட்டாயம். டிக்கியில் ஜாக்கி ராடும் ஸ்பேனரும் உருண்டுகொண்டிருக்கும் ஊர் இது.

எர்த்தை சீட் பெல்ட் போல்ட்டில் கட்டாதீர்கள். பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில், பிளஸ் கேபிளின் அதே தடிமனில், முடிந்தவரை குட்டையாகக் கட்டுங்கள்.

வேலையில் கை வைக்கும் முன் மோதிரம், காப்பு, பிரேஸ்லெட் எல்லாம் கழற்றி வையுங்கள். முன் பேட்டரியின் மைனஸ் முதலில் கழல வேண்டும், கடைசியில் சேர வேண்டும். ஃபியூஸ்கள் எல்லா ஒயரும் கட்டி முடித்த பிறகுதான். சேர்க்கும் முன் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக முழுக்க சார்ஜ் செய்து ஒரே வோல்டேஜுக்குக் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் முதல் தொடுகையிலேயே பொறி பறக்கும். முடித்ததும் பாட்டை வைத்துப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எஞ்சினையும் பாட்டையும் நிறுத்தி, ஒவ்வொரு லக்கையும் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) ஃபியூஸையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கே கிரிம்ப் (ஒயரை லக்கில் நசுக்கிப் பிடித்த பிடி) சரியில்லை.

திருவிழா முடிந்து வந்த இரவு, காலியான பின் பேட்டரியை ஓட்டியே நிரப்பிவிடலாம் என்று விடாதீர்கள். அடிமட்டத்தில் கிடக்கும் பேட்டரி எஞ்சின் எழுந்ததும் ஆல்டர்னேட்டரை மொத்தமாக இழுக்கும். சூட்டில் முதலில் போவது அதுதான். எங்கள் மாமா பழனியிலிருந்து திரும்பியதும் கைகால்கூடக் கழுவாமல் வேனைத் தொட்டிப்பக்கம் நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.